ஒரு சோற்றில் பதம் கண்ட பேராசிரியர்

சோறு வெந்துவிட்டதா என்று பார்க்க எந்தத் தாயும் பானைச் சோறு முழுவதையும் தின்று பார்ப்பதில்லை. அகப்பையால் ஒரு முறை அடிவரை கிளறிவிட்டு, ஒன்றிரண்டு பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பெரியவர்கள் கண்ட உண்மை.

ஆனால் 36 கோடி மக்கள் வாழ்ந்த ஒரு தேசத்தையே பானையாக வைத்து, அதில் எந்தப் பருக்கையை எடுப்பது, எத்தனை பருக்கை எடுப்பது, எடுத்த பருக்கை பொய் சொல்லுமானால் எவ்வளவு பொய் சொல்லும் என்று கணக்கிட்டுக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். வங்காளத்தில் பிறந்து 1972-ஆம் ஆண்டில் மறைந்த இந்த மேதை, இந்தியாவில் புள்ளியியல் என்னும் துறையையே உண்டாக்கியவர். பெங்களூரில் மைசூர் சாலை வழியாகக் கெங்கேரி பக்கம் போகிறவர்கள் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்த நிறுவனம் அவர் நட்ட மரத்தின் ஒரு கிளையே.

ரயில் தவறியதால் வந்த வாழ்வு

மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா குருசரண் சீர்திருத்தவாதி. ஊரும் உறவும் எதிர்த்தபோதும் விதவை ஒருவரை மணந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த பிரசாந்தர், பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து 1912-இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருக்கு ஆசிரியர்கள்.

1913-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில் படிப்பதுதான் அவருடைய எண்ணம். ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தின் அழகில் மயங்கி நின்றதில் லண்டனுக்குத் திரும்பும் கடைசி ரயில் போய்விட்டது. இரவு நண்பர் ஒருவரின் அறையில் தங்கினார். இவ்வளவு பிடித்திருந்தால் இங்கேயே சேர்ந்துவிடலாமே என்று நண்பர் யோசனை சொன்னார். மறுநாளே விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது. எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பிற்காலத்தில் கணக்குப் போட்டவரின் வாழ்வே இப்படி ஒரு தற்செயலில்தான் திரும்பியது.

கும்பகோணத்துக் கணித மேதையுடன்

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நட்பு தமிழர்கள் நினைத்துப் பெருமைப்பட வேண்டிய ஒன்று. 1914-ஆம் ஆண்டில் கணித மேதை சீனிவாச ராமானுஜன் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் நெருங்கிப் பழகினர்.

ஒரு குளிர்காலத்தில் மகலனோபிஸ் ராமானுஜனின் அறைக்குப் போனார். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் போர்த்திக்கொண்டு படுப்பதாகவும் ராமானுஜன் சொன்னார். படுக்கையைப் பார்த்த மகலனோபிஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கம்பளிகள் எல்லாம் மேல்விரிப்பின் அடியில் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. ராமானுஜன் அவற்றின் மேலேயே படுத்து நடுங்கிக் கொண்டிருந்தார்! கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுப்பது எப்படி என்று மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

இன்னொரு நாள் ராமானுஜன் அடுப்பில் காய்கறி வதக்கிக் கொண்டிருந்தார். மகலனோபிஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சஞ்சிகையில் வந்த புதிரைப் படித்தார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன என்பதே கேள்வி.

சிறிய தெருவில் வைத்துப் பார்த்தால் புதிர் எளிதில் விளங்கும். எட்டு வீடுகள் உள்ள தெருவில் 6-ஆம் எண் வீடு அப்படிப்பட்டது. முன்னால் உள்ள 1, 2, 3, 4, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 15. பின்னால் உள்ள 7, 8 ஆகியவற்றைக் கூட்டினாலும் 15. பெரிய தெருவுக்கு மகலனோபிஸ் சில எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடையைக் கண்டார். 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ஆம் வீடு. இரு பக்கமும் 20,706 வரும். புதிரைக் கேட்ட ராமானுஜனோ வதக்குவதை நிறுத்தாமலே, இந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்றி இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் விடை தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இந்த இரு நண்பர்களின் வழிகளும் வேறு வேறு. ராமானுஜனின் உலகில் விடை துல்லியமானது. ஒரு இம்மியும் பிசகாது. மகலனோபிஸ் பின்னர் தேர்ந்துகொண்ட உலகில் எந்த விடையும் அவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் எவ்வளவு பிசகும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதுவே புள்ளியியல்.

கப்பலில் படித்த புத்தகங்கள்

1915-இல் தேர்வில் சிறப்பாகத் தேறினார் மகலனோபிஸ். ஆராய்ச்சிக்கு உதவித் தொகையும் கிடைத்தது. சிறிது காலம் ஊருக்குப் போய்த் திரும்பலாம் என்று புறப்பட்டார். உலகப் போர் காரணமாகக் கப்பல் தாமதமாயிற்று. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிகா என்ற சஞ்சிகையின் தொகுதிகளைக் காட்டினார். உயிரினங்களை அளந்து, அந்த அளவுகளைக் கணிதத்தால் ஆராயும் ஏடு அது. படித்துப் பார்த்தவர் எல்லாத் தொகுதிகளையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார்.

கல்கத்தா வந்தவர் திரும்பிப் போகவில்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. வகுப்பில் இயற்பியல், வீட்டில் புள்ளியியல். அந்தக் காலத்தில் இந்தியாவில் புள்ளியியலுக்குத் தனிப் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை.

முதலில் அவருக்கு வேலை கொடுத்தவர் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து தரும்படி 1917-இல் அவர் கேட்டுக் கொண்டார். இந்த சீல்தான் பின்னர் 1921 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர்.

மகலனோபிஸின் இல்வாழ்வும் போராட்டத்தில்தான் தொடங்கியது. 1923-இல் நிர்மல் குமாரியை மணந்தார். பெண்ணின் தந்தைக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. மகலனோபிஸின் தாய்மாமன் டாக்டர் நீல்ரதன் சர்க்கார்தான் பெண்ணின் தந்தை ஸ்தானத்தில் நின்று திருமணத்தை நடத்தி வைத்தார். அந்த அம்மையார் கடைசிவரை கணவருக்குத் துணையாக இருந்தார். கவி ரவீந்திரநாத் தாகூருக்கும் இந்தத் தம்பதியர் மிக நெருக்கமானவர்கள். விசுவபாரதியின் செயலாளர் பொறுப்பைப் பத்தாண்டுகள் மகலனோபிஸ் கவனித்தார்.

ஆற்றைக் காப்பாற்றிய கணக்கு

புள்ளியியல் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது என்பதை நாடு உணர்ந்தது வெள்ளத்தின்போதுதான்.

1922-இல் வடக்கு வங்காளத்தில் பெரும் வெள்ளம் வந்தது. வெள்ள நீரைத் தேக்கி வைக்கப் பெருஞ்செலவில் தேக்கங்கள் கட்ட வேண்டும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். கேள்வி மகலனோபிஸிடம் வந்தது. அவர் சுமார் ஐம்பது ஆண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். அந்தத் தேக்கங்களால் பயன் இல்லை, தேவைப்படுவது நீர் விரைவாக வடிவதற்கு வழி என்று காட்டினார்.

1926-இல் ஒரிஸ்ஸாவில் பிராம்மணி ஆறு கரை புரண்டது. ஆற்றின் படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்பது நிபுணர்களின் முடிவு. மகலனோபிஸ் அறுபது ஆண்டுக் கணக்கை எடுத்தார். படுகை உயர்ந்ததற்கு அதில் அடையாளமே இல்லை. ஆற்றின் மேல்பகுதியில் வழக்கத்துக்கு மீறிப் பெய்த மழைதான் காரணம். கரையை உயர்த்துவதை விட மேலே அணை கட்டி நீரைத் தடுப்பதே மேல் என்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு மகாநதியில் ஹிராகுட் அணை எழுந்தபோது, அவர் அன்று போட்ட கணக்குகளும் அதற்கு அடித்தளமாக இருந்தன.

இதில் உள்ள நுட்பத்தை ஒரு காசைச் சுண்டிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். பத்து முறை சுண்டியதில் ஏழு முறை தலை விழுந்தால் காசில் கோளாறு என்று சொல்லிவிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் தலை அல்லது பூ என இரண்டு வழி. பத்து முறைக்கு இரண்டைப் பத்துத் தடவை பெருக்க, மொத்தம் 1,024 வகைகள். இவற்றில் ஏழு தலை வருவது 120 வகை, எட்டு தலை 45, ஒன்பது 10, பத்தும் தலையாவது ஒரே வகை. கூட்டினால் 176. பூவுக்கும் இதே 176. ஆக 1,024-இல் 352 வகைகளில், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை, ஒரு பக்கம் ஏழு அல்லது அதற்கு மேல் விழும். நல்ல காசிலேயே இப்படி நடக்கும். ஆனால் ஆயிரம் முறை சுண்டி 700 தலை விழுந்தால் அந்தக் காசை நம்பக் கூடாது.

ஒரு பெருவெள்ளத்தைப் பார்த்து ஆறே மாறிவிட்டது என்று சொல்வது பத்துச் சுண்டலில் காசைப் பழிப்பது போன்றது. தற்செயல் எது, உண்மையான மாற்றம் எது என்று பிரித்துச் சொல்ல நீண்ட காலக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்காமல் கரைகளை உயர்த்தியிருந்தால் பணமும் போயிருக்கும், வெள்ளமும் நின்றிருக்காது.

ஓர் அறையில் பிறந்த நிறுவனம்

பிரசிடென்சி கல்லூரியில் தம் அறையின் ஒரு பகுதியிலேயே புள்ளியியல் ஆய்வுக்கூடத்தை வைத்திருந்தார் மகலனோபிஸ். 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி கூடிய கூட்டத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அமைக்க முடிவாயிற்று. 1932 ஏப்ரலில் அது பதிவு செய்யப்பட்டது. முதல் ஆண்டின் மொத்தச் செலவு 250 ரூபாய்கூட இல்லை. 1933-இல் சங்க்யா என்ற ஆராய்ச்சி ஏட்டையும் தொடங்கினார். எண் என்றும், தெளிந்த அறிவு என்றும் அந்த வடமொழிச் சொல்லுக்குப் பொருள்.

1936-இல் அவர் வெளியிட்ட ஒரு சூத்திரம் உலகமெங்கும் மகலனோபிஸ் தூரம் என்றே வழங்குகிறது. அதன் கருத்து எளியது. அரிசி கிலோவுக்கு இரண்டு கடைகளில் ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தீப்பெட்டிக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் சண்டைக்குப் போவோம். ஏன்? வித்தியாசம் ஒன்றேதான் என்றாலும், அந்தப் பொருளின் விலை சாதாரணமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதோடு ஒப்பிட்டுத்தான் அதை எடை போடுகிறோம். மனிதர்களின் உயரம், தலையின் அகலம், மூக்கின் நீளம் என்று பல அளவுகளை ஒருசேர வைத்து, இரண்டு கூட்டத்தார் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்று இந்த முறையில் கணக்கிட்டார் அவர்.

இந்தச் சூத்திரத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கன்னட மண்ணில் பிறந்த சி.ஆர். ராவ். பழைய பெல்லாரி ஜில்லாவின் ஹடகளியில் 1920-இல் பிறந்த ராவ், 1941-இல் மகலனோபிஸிடம் வந்து சேர்ந்தார். குருவை மிஞ்சிய சிஷ்யர் என்று உலகம் போற்ற வாழ்ந்து, 2023-இல் 102-ஆம் வயதில் மறைந்தார்.

சணல் வயலில் ஒரு சோதனை

1937-இல் வங்காளத்தின் சணல் விளைச்சலை முன்கூட்டியே மதிப்பிடும் வேலை வந்தது. ஒவ்வொரு வயலாகப் போய்ப் பார்ப்பது பழைய முறை. அதற்குப் படை போல் ஆட்கள் வேண்டும். கணக்கு வந்து சேர்வதற்குள் சணல் சந்தைக்கே போய்விடும். மகலனோபிஸ் சில வயல்களை மட்டும் பொறுக்கிப் பார்க்கலாம் என்றார். சிறிய அளவில் தொடங்கி ஆண்டுதோறும் விரிவாக்கி, 1941-இல் மாகாணம் முழுவதற்கும் செய்து காட்டினார். செலவும் ஆட்களும் பழைய முறையில் ஆவதில் ஒரு சிறு பங்குதான்.

பொறுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாலையோரத்து வயல்களை மட்டும் பார்த்தால் நல்ல வயல்களே கண்ணில் படும். தாய் சோற்றைக் கிளறாமல் மேலாக எடுத்துப் பார்ப்பது போன்ற தவறு அது. எல்லா வயலுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். அதற்காகச் சீட்டுக் குலுக்குவது போல் எண் அட்டவணையைக் கொண்டு வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த வயல் வரும் என்பது அதிகாரிக்கும் தெரியாது, பண்ணையாருக்கும் தெரியாது.

வயலுக்குள் போன பிறகும் ஏமாற்றம் காத்திருக்கும். பயிரை வட்டமாக அறுத்து எடை பார்ப்பார்கள். வட்டம் சிறியதாக இருந்தால் விளைச்சல் அதிகமாகத் தெரிந்தது. விளிம்பில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ள மனிதக் கை துடிக்கும் என்பதே காரணம். இரண்டடி ஆரமுள்ள வட்டத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஓர் அடி விளிம்பு உண்டு. நாலடி ஆரமானால் அரை அடி. எட்டடியானால் கால் அடிதான். வட்டம் பெருகப் பெருக விளிம்பின் பொய் குறையும். எவ்வளவு பெரிய வட்டம் வேண்டும் என்பதில் பி.வி. சுகாத்மே என்ற மற்றொரு பெரிய புள்ளியியல் அறிஞருக்கும் அவருக்கும் கடும் கருத்து மோதல் இருந்தது.

அவர் செய்த இன்னொரு ஏற்பாடு குமாஸ்தாக்களுக்கு நன்றாகப் புரியும். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுப்பார். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப் போனால் நம்பலாம். ஒத்துப் போகாவிட்டால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. யாரோ மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியிருக்கவும் கூடும்!

1943-இல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டு போயிற்று. நிலத்தை இழந்தவர் எத்தனை பேர், மாட்டை விற்றவர் எத்தனை பேர், பிச்சைக்கு இறங்கியவர் எத்தனை பேர் என்பதை மகலனோபிஸின் குழுவினர் இதே மாதிரி முறையில் கிராமம் கிராமமாகப் போய் எழுதினார்கள். செத்தவர்களுக்கு அது உதவவில்லை. ஆனால் பஞ்சம் முடிந்த பிறகும் அதன் பாரம் யார் தலையில் இருந்தது என்பது அதனால்தான் தெரிந்தது. 1945-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

தேசமே பானை

சுதந்திரம் வந்தது. நாட்டின் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சரியான பதில் சொல்ல ஆள் இல்லை. 1949-இல் தேசிய வருமானக் கமிட்டி அமைக்கப்பட்டது. தலைவர் மகலனோபிஸ். உறுப்பினர்கள் டி.ஆர். காட்கிலும் வி.கே.ஆர்.வி. ராவும். காஞ்சிபுரத்தில் பிறந்த இந்த ராவ்தான் பின்னர் 1972-இல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தவர்.

மக்கள் என்ன உண்கிறார்கள், எதற்குச் செலவு செய்கிறார்கள் என்பது தெரியாமல் வருமானத்தைக் கணக்கிட முடியாது என்று கண்டார்கள். பிரதமர் நேருவின் ஆதரவோடு 1950 அக்டோபரில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. நாட்டில் அப்போது சுமார் 5,60,000 கிராமங்கள். முதல் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை 1,833 மட்டுமே. முந்நூறு கிராமங்களுக்கு ஒன்று என்ற கணக்கு! ஊருக்கு ஊர் பாஷை வேறு. படியும் மரக்காலும் சேரும் வேறு. எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டு வர வேண்டும்.

இத்தனை சிறிய மாதிரி போதுமா என்ற சந்தேகம் அன்றும் எழுந்தது; இன்றும் எழுகிறது. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் ஒரு கேள்வியைச் சம வாய்ப்பு முறையில் தேர்ந்த 100 பேரிடம் கேட்டால், வரும் சதவீதம் உண்மையிலிருந்து சுமார் பத்துப் புள்ளி வரை இப்படியும் அப்படியும் பிசகலாம். 400 பேரிடம் கேட்டால் பிசகு ஐந்து புள்ளி. 2,500 பேர் என்றால் இரண்டு. 10,000 பேர் என்றால் ஒன்று. நூறு மாதிரிகள் எடுத்தால் சுமார் தொண்ணூற்றைந்து இந்த எல்லைக்குள் அடங்கும். ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றை அதனால் வகுத்தால் இந்த எல்லை கிடைக்கும். பிசகைப் பாதியாக்க ஆட்களை நாலு மடங்காக்க வேண்டும் என்பதையும் கவனிக்கலாம்.

இதில் பானை எவ்வளவு பெரியது என்ற பேச்சே வரவில்லை. வீட்டுப் பானையானாலும் கல்யாணத்துத் தவலையானாலும் நன்றாகக் கிளறியிருந்தால் அதே சில பருக்கைகள் போதும். கிளறாவிட்டால் லட்சம் பருக்கை எடுத்தும் பயன் இல்லை.

எடுத்த கணக்கைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு பட்டறையில் ஒன்பது தொழிலாளர்களுக்குத் தலா 10,000 ரூபாய். முதலாளிக்கு 1,10,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,00,000. பத்துப் பேருக்குப் பங்கிட்டால் சராசரி 20,000. ஆனால் அந்தப் பட்டறையில் 20,000 வாங்குபவர் ஒருவர்கூட இல்லை! சராசரி மட்டும் தெரிந்தால் ஏழையின் நிலை தெரியாது. அதனால்தான் தேசிய மாதிரி ஆய்வு மக்களைச் செலவின்படி படிப்படியாகப் பிரித்து, கீழ்ப்படியில் இருப்பவர் எவ்வளவு செலவு செய்கிறார் என்று தனியாகக் காட்டியது. வறுமைக் கோடு பற்றிய விவாதங்கள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவையே.

திட்டமும் எதிர்ப்பும்

1956 முதல் 1961 வரையிலான இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் மகலனோபிஸ் வகுத்த பாதையில் அமைந்தது. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை முதலில் நாமே செய்ய வேண்டும், உருக்கும் கன ரகத் தொழிலும் முதலில் வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இந்தக் கொள்கை ஊன்றிய காலத்தில்தான் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன.

ஆனால் கொள்கைக்கு எதிர்ப்பும் இருந்தது. இவ்வளவு பெரிய திட்டத்துக்கு நாட்டில் சேமிப்பு இல்லை என்று பொருளாதார அறிஞர் பி.ஆர். ஷெனாய் 1955-இலேயே தம் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். அன்னியச் செலாவணி நெருக்கடி வந்தது. உணவு உற்பத்தி பின்தங்கியது. வேளாண்மையைப் பேராசிரியர் போதிய அளவு கவனிக்கவில்லை என்ற குறை பிற்காலத்திலும் சொல்லப்பட்டது. அளவெடுப்பதில் அவரை யாரும் வெல்லவில்லை. ஆனால் எடுத்த அளவைக் கொண்டு எந்த வழியில் போவது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப் போகவில்லை.

பெங்களூரும் அவரும்

அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டைப் புள்ளியியல் மூலம் செய்யும் வழியைக் கண்டவர். 1947-48-இல் அவரை இந்தியாவுக்கு வரவழைத்தார் மகலனோபிஸ். அதன் பயனாக 1950-களில் பம்பாய், பெங்களூர், கல்கத்தா ஆகிய நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் வந்தன.

கடைசல் யந்திரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வரும் ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்ப்பதற்குப் பதிலாக, மணிக்கு ஐந்து துண்டு எடுத்து அளந்து சராசரியை ஒரு தாளில் புள்ளியாக வைப்பார்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்குள் புள்ளி ஏறி இறங்கினால் அது தற்செயல், யந்திரத்தைத் தொடாதே. கோட்டைத் தாண்டினால் ஏதோ பழுது, நிறுத்திப் பார். தற்செயலுக்குத் தொழிலாளியைத் திட்டுவதும் தவறு, பழுதைத் தற்செயல் என்று விட்டுவிடுவதும் தவறு என்பதே இதன் சாரம்.

1962-இல் நிறுவனத்தின் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம் பெங்களூரில் பிறந்தது. அதைத் தொடங்கி நடத்தியவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன். ராமானுஜனின் வாழ்க்கையைப் பற்றி ரங்கநாதன் நூல் எழுதியபோது, கம்பளிக் கதையையும் புதிர்க் கதையையும் அவருக்குச் சொன்னவர் மகலனோபிஸ்தான். வங்காளத்து நண்பரின் நினைவும் தமிழ் நூலகரின் பேனாவும் சேர்ந்ததால்தான் அந்தக் காட்சிகள் நமக்குக் கிடைத்தன. இருவரும் 1972-ஆம் ஆண்டிலேயே காலமானார்கள்.

இறுதி நாட்கள்

1956-இல் இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி மகலனோபிஸின் நிறுவனத்துக்குத்தான் வந்தது. 1959-இல் பாராளுமன்றம் அந்த நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாகச் சட்டம் இயற்றியது. 1968-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது.

ஆனால் கடைசிக் காலம் கவலையில்லாமல் கழியவில்லை. 1970-இல் தேசிய மாதிரி ஆய்வை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு தனி அமைப்பாக்கியது. இருபது ஆண்டுகள் வளர்த்த பிள்ளை வீட்டை விட்டுப் போயிற்று. நிறுவனத்தின் சுதந்திரம் என்னவாகுமோ என்ற கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1972 ஜூன் 28-ஆம் தேதி, எழுபத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்பாக, அவர் உயிர் நீத்தார். 2007 முதல் ஜூன் 29-ஆம் தேதி தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மாதச் சம்பளக்காரர் ஒவ்வொருவரும் அவரை ஏதோ ஒரு வகையில் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பஞ்சப்படியை நிர்ணயிக்கும் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண், பல ஆயிரம் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை மாதிரியாக எடுத்துப் போடும் கணக்கு. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண்ணுக்கு நாட்டில் 88 மையங்கள். பெங்களூரும் அவற்றில் ஒன்று. வாடகை எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு என்று அந்தக் குடும்பங்கள் சொன்ன பதிலே லட்சக்கணக்கானவர்களின் சம்பளச் சீட்டில் ரூபாயாக விழுகிறது.

கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது கௌரவத்துக்காகச் செலவைக் கூட்டிச் சொல்பவரும் உண்டு. பயந்து குறைத்துச் சொல்பவரும் உண்டு. ஒரு வீட்டுக்காரர் தனக்காக மட்டும் பதில் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளுக்காகச் சொல்கிறார். பானைக்காகப் பேசும் பருக்கை அவர். அந்தப் பருக்கை உண்மை பேசினால்தான் பேராசிரியரின் கணக்கு பலிக்கும்.